அதிர்வும் அலையும்: மலையகத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாதாரண தரத்துக்கு விஞ்ஞானமும் உயர்தரத்துக்குப் பௌதிகவியலும் கற்பிக்கும் மாலை வகுப்பில், அலைகள் பற்றிய பகுதி தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய அதே கேள்விகளே என்னிடம் வருகின்றன. பாடநூலின் உதாரணங்கள் பெரும்பாலும் கடற்கரையையும் ஆய்வுகூடத்தையும் சேர்ந்தவை. பிள்ளைகளின் கேள்விகளோ லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்தும், தேயிலைத் தொழிற்சாலையிலிருந்தும், புகையிரதப் பாதையிலிருந்தும் எழுகின்றன. ஆகவே விடைகளுக்கும் அந்த இடங்களுக்கே சென்றிருக்கிறேன். கலைச்சொற்கள் இலங்கைப் பாடநூல் வழக்கில் உள்ளன. தமிழ்நாட்டு நூல்களைப் படித்துப் பழகியவர்கள் மீடிறன் என்பதை அதிர்வெண் என்றும், பரிவு என்பதை ஒத்ததிர்வு என்றும், நெட்டாங்கலை என்பதை நெட்டலை என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

அதிர்வுக்கும் அலைக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஒரு பொருள் தன் சமநிலைத் தானத்தின் இருபுறமும் மீண்டும் மீண்டும் போய் வருவது அதிர்வு. அந்தக் குழப்பம் பக்கத்தில் இருப்பதைத் தொற்றி, அதிலிருந்து அதற்கடுத்ததைத் தொற்றி, இடம்விட்டு இடம் போவது அலை. தப்பு என்னும் பறையின் தோலில் குச்சி விழுந்ததும் தோல் அதிர்கிறது. அது சட்டத்தை விட்டு எங்கும் போவதில்லை. தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் வளி நெருங்கியும் விலகியும் அந்த அசைவை அடுத்த வளிப்படைக்குக் கொடுக்க, பள்ளத்தாக்கின் மறுகரையில் இருப்பவரின் செவிப்பறை சிறிது நேரம் கழித்து அதே தாளத்தில் அசைகிறது. இடையில் நடந்தது அலை.

இதைக் கண்ணால் காண விரும்புபவர்கள், எண்ணெய்த் தாங்கிகளை இழுத்துவந்த புகையிரதம் ஹட்டன் நிலையத்தில் நின்று மீண்டும் புறப்படுவதைக் கவனிக்கட்டும். இயந்திரம் இழுத்தவுடன் எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக அசைவதில்லை. முதல் இணைப்பு இறுகும் ஓசை, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று ஒரு ‘கடக், கடக், கடக்’ தொடர் பின்பக்கமாக ஓடிக் கடைசிப் பெட்டியில் முடியும். பெட்டிகள் முன்னே நகர்கின்றன, அலையோ பின்னே ஓடுகிறது. பொருளின் அசைவும் அலையின் பயணமும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் கண்டதில்லை.

அலையுடன் பொருள் போகாவிட்டால், எதுதான் போகிறது?

சக்தி போகிறது. நுவரெலியாவின் கிறகரி வாவியில் காற்றில்லாத நேரத்தில் கல்லொன்றைப் போட்டால் வட்டங்கள் கரைவரை விரிகின்றன. வழியில் மிதக்கும் யூக்கலிப்டஸ் இலை ஏறி இறங்கி, சற்றே முன்னும் பின்னும் ஆடி, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. கல்லின் சக்தி கரையைத் தொட்டுவிட்டது. நீர் அங்கேயே இருக்கிறது.

இதன் தொடர்ச்சியாக, பதனைப் புல்வெளியில் காற்றடிக்கும்போது ஓடும் ‘அலை’யும் இத்தகையதா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தோற்றத்தில் ஆம், இயக்கத்தில் இல்லை. ஒரு புல் அடுத்த புல்லைத் தள்ளுவதால் அந்தக் கோலம் நகர்வதில்லை. காற்றின் வீச்சு நகர்வதால் அது தொட்ட புல்லெல்லாம் சாய்கிறது. துகளொன்று அயல் துகளை இழுத்தோ தள்ளியோ சக்தியைக் கைமாற்றுவதே பொறிமுறை அலையின் அடையாளம். அதற்கு ஓர் ஊடகமும், விலகிய துகளை மீட்டுக் கொண்டுவரும் விசையும் வேண்டும். புல்வெளிக் காட்சி அழகானது, ஆனால் பரீட்சையில் அதை உதாரணமாக எழுத வேண்டாம்.

வீச்சம், மீடிறன், ஆவர்த்தன காலம், அலைநீளம், வேகம் என்று ஐந்து கணியங்கள். எது எதைத் தீர்மானிக்கிறது?

வரைவிலக்கணங்கள் எளியவை. சமநிலையிலிருந்து ஏற்படும் உச்ச இடப்பெயர்ச்சி வீச்சம். ஒரு முழு அதிர்வுக்கு எடுக்கும் நேரம் ஆவர்த்தன காலம். ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை மீடிறன்; அதன் அலகு ஹேட்ஸ். அடுத்தடுத்த இரு முடிகளுக்கு, அதாவது அலையின் இரு உச்சிகளுக்கு, இடையிலான தூரம் அலைநீளம். வேகம் = மீடிறன் × அலைநீளம்.

இந்தச் சமன்பாட்டை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதை வாசிப்பதில்தான் பிழை வருகிறது. ‘மீடிறனை இரு மடங்காக்கினால் வேகமும் இரு மடங்காகும்’ என்று எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மீடிறனைத் தீர்மானிப்பது அலையைப் பிறப்பிக்கும் மூலம். வேகத்தைத் தீர்மானிப்பது அது செல்லும் ஊடகம். இவை இரண்டும் வெவ்வேறு இடங்களில் தீர்மானமான பின், அலைநீளம் அவற்றுக்குக் கட்டுப்பட்டு அமைகிறது. கோயிலில் உயர்ந்த சுருதியில் நாதஸ்வரமும் தாழ்ந்த சுருதியில் தவிலும் ஒலிக்கின்றன. நாதஸ்வரத்தின் ஒலி முந்திக்கொண்டு வந்தால், மலையின் அடுத்த பக்கத்தில் இருப்பவருக்குத் தாளம் குலைந்தல்லவா கேட்கும்? அப்படிக் கேட்பதில்லை. ஒரே வளி, ஒரே வேகம்; அலைநீளங்கள்தான் வேறு.

வீச்சம் இவற்றில் எதையும் தொடுவதில்லை. அது சக்தியின் அளவைக் காட்டுகிறது. வீச்சம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும், ஏனெனில் சக்தி வீச்சத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது.

ஊஞ்சலில் பாரமான பிள்ளை அமர்ந்தால் மெதுவாக ஆடுமா?

ஆடாது. சிறிய கோணங்களில் ஊசலின் ஆவர்த்தன காலம் கயிற்றின் நீளத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் மட்டுமே பொறுத்தது. நம்பாதவர்கள் நூலில் சிறு கல்லொன்றைக் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடுவரை 25 சென்ரிமீற்றர் அளந்து, 20 ஊசலாட்டங்களுக்கு நேரம் பார்க்கவும். ஏறக்குறைய 20 செக்கன் வரும். கல்லை மாற்றினாலும் அதே விடைதான். நீளத்தை 1 மீற்றராக்கினால் 40 செக்கன். நீளம் நான்கு மடங்கானபோது காலம் இரு மடங்கானதைக் கவனித்தால் வர்க்கமூலத் தொடர்பு கையிலேயே அகப்பட்டுவிடும். ஓர் ஊசலாட்டத்தை மட்டும் அளந்து, கைத்தொலைபேசியைத் தட்டும் விரலின் தாமதத்தையும் சேர்த்து எழுதிவிட்டுச் சூத்திரம் பிழை என்று சொல்லாதீர்கள்.

இதில் ஓர் உள்ளூர்ச் சுவாரசியம் உண்டு. கடல் மட்டத்தில் சரியாக ஓடும் ஊசற் கடிகாரத்தை 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், புவியின் மையத்திலிருந்தான தூரம் கூடியதால் ஈர்ப்பு மிகச் சிறிதளவு குறைந்து, மலையின் சொந்த ஈர்ப்பைப் புறக்கணித்துக் கணக்கிட்டால், அது நாளொன்றுக்குச் சுமார் 25 செக்கன் பின்தங்கும்.

குறுக்கலையும் நெட்டாங்கலையும் எவ்வாறு வேறுபடும்?

துகள்கள் அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதிர்ந்தால் குறுக்கலை. அதே திசைவழியே அதிர்ந்தால் நெட்டாங்கலை. இழுத்துக் கட்டிய கயிற்றில் எழுவது முதல் வகை. வளியில் செல்லும் ஒலியும், மேலே சொன்ன பெட்டிகளின் அதிர்ச்சியும் இரண்டாம் வகை. நீர்ப் பரப்பின் அலையில் துகள்கள் ஏறக்குறைய வட்டமாகச் சுழல்வதால் அது இரண்டும் கலந்தது.

துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் ‘நின்ற அலை’யைக் காட்ட முடியுமா?

கம்பியின் அதிர்வைக் காட்டும் ஆய்வுகூடத்துச் சுரமானியைவிட அது நன்றாகவே காட்டும். கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து மெல்ல அசையுங்கள். கையிலிருந்து போகும் அலை தூணில் மோதித் தலைகீழாகத் திரும்பி, போகும் அலையுடன் மேற்பொருந்துகிறது. எந்த வேகத்தில் அசைத்தாலும் ஒழுங்கான வடிவம் வருவதில்லை. ஒரு குறித்த மீடிறனில் மட்டும் முழுக்கயிறும் ஒரே வயிறாக எழுந்து தாழும். அதன் இரு மடங்கில் இரண்டு வயிறுகளும் நடுவே அசையாத ஒரு கணுவும் தோன்றும், மும்மடங்கில் மூன்று.

கணக்கும் செய்யலாம். கயிறு 6 மீற்றர். ஒற்றை வயிறு செக்கனுக்கு ஒரு தடவை எழுகிறது என்று கொள்வோம். ஒரு வயிறு அரை அலைநீளம் ஆதலால் அலைநீளம் 12 மீற்றர், வேகம் செக்கனுக்கு 12 மீற்றர். கயிற்றின் திணிவு மீற்றருக்கு 50 கிராம் எனில், இழுவிசை = அலகு நீளத் திணிவு × வேகத்தின் வர்க்கம் = 0.05 × 144 = 7.2 நியூற்றன், அதாவது ஏறத்தாழ முக்கால் கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டதற்குச் சமம். மழையில் நனைந்த கயிறு பாரமாகிவிடும் என்பதால், அதே இழுவிசையில் அலை மெதுவாகும்.

காமன் கூத்துக்கு முன் தப்பை ஏன் நெருப்பில் காய்ச்சுகிறார்கள்?

என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு அணிதிரள, ஆட்களை எழுப்பிய காலத்திலிருந்து தோட்டங்களில் ஒலித்துவரும் இசைக்கருவி தப்பு. மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல்தான் அதன் எல்லாமும். மலையகத்தின் ஈரமான மாலையில் அந்தத் தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். தளர்ந்த தோலில் இழுவிசை குறைவு, உறிஞ்சிய நீரால் திணிவும் கூடுதல். இழுவிசை குறைவதும் திணிவு கூடுவதும் மீடிறனைத் தாழ்த்துவன. ஆகவே ‘தொப், தொப்’ என்று மந்தமாக ஒலிக்கிறது.

வைக்கோலையோ காய்ந்த சருகையோ கொளுத்தி, தோலின் முகம் தீயைப் பார்க்கும்படி பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே காட்டுவார்கள். இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ஈரம் வெளியேறத் தோல் சுருங்கப் பார்க்கிறது. விளிம்பு சட்டத்தில் ஒட்டியிருப்பதால் சுருங்க இயலாமல் இறுகுகிறது. தட்டும் விரலுக்குச் சுருதி ஏறுவது கேட்கும். ‘டொப்’ என்றது ‘டண்’ என்றாகும் கணத்தில் தீயை விட்டு எடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் காட்டினால் தோல் கிழியும். மீடிறன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதசமம் என்பதால், திணிவு மாறாதிருக்கச் சுருதியை ஒரு ஸ்தாயி உயர்த்த வேண்டுமாயின் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். தோல் ஏன் கிழிகிறது என்பதற்கு இதுவே காரணம். செவியையே அளவுகருவியாகக் கொண்டு அந்த எல்லையை அறிந்து நிறுத்தும் கலைஞருக்குச் சூத்திரம் தெரியாமலிருக்கலாம். பௌதிகவியல் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன்.

தப்புக்குத் திட்டமான சுரம் ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. கயிற்றின் மேற்றொனிகள், அதாவது அடிப்படை மீடிறனுக்கு மேலாக எழுபவை, அந்த அடிப்படையின் 2, 3, 4 மடங்குகளாக வருகின்றன. வட்டத் தோலின் மீடிறன்களோ அடிப்படையின் 1.59, 2.14, 2.30 மடங்குகள் என்று ஒழுங்கற்று வருவதால், காது அவற்றை ஒரே சுரமாகச் சேர்த்துக்கொள்வதில்லை. நடுவில் அடிக்கும்போதும் விளிம்பில் அடிக்கும்போதும் இவற்றில் வெவ்வேறானவை தூண்டப்படுவதால் ஓசையின் குணம் மாறுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் கருஞ்சோறு பூசி நடுவைப் பாரமாக்கியிருப்பது இந்த ஒழுங்கின்மையைச் சீர்செய்யவே. அதன் மேற்றொனிகள் முழுவெண் மடங்குகளுக்கு நெருங்கி வருவதை 1920 இல் சி. வி. இராமன் ஆராய்ந்து எழுதினார்.

நுவரெலியாவில் வளி ஐதானது. அதனால் ஒலி மெதுவாகச் செல்லுமா?

மெதுவாகத்தான் செல்லும், ஆனால் அதற்குக் காரணம் ஐதான வளி அல்ல, குளிர். ஒலியின் வேகம் வளியமுக்கத்துக்கும் அடர்த்திக்கும் இடையிலான விகிதத்தைப் பொறுத்தது. நுவரெலியாவின் உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்திலிருப்பதைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. அமுக்கம் குறைந்ததன் காரணமாக அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதால் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. எஞ்சுவது வெப்பநிலை மட்டுமே. 0 பாகை செல்சியஸில் செக்கனுக்கு 331 மீற்றர்; ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.6 மீற்றர் கூடும். 16 பாகையுள்ள நுவரெலியாவில் சுமார் 341, 30 பாகையுள்ள கொழும்பில் சுமார் 349.

இந்த விகிதத்தை முதலில் எழுதிய நியூற்றன், செக்கனுக்கு ஏறத்தாழ 280 மீற்றர் தரும் சூத்திரத்தையே பெற்றார். ஒலி செல்கையில் வெப்பநிலை மாறுவதில்லை என்று அவர் கொண்டதே பிழை. நெருக்கமும் விலக்கமும் மிக விரைவாக மாறி மாறி நிகழ்வதால், நெருங்கிய வளி சூடாகி, அந்தச் சூடு வெளியேற நேரமின்றி மீண்டும் விரிகிறது என்பதை லாப்பிளாஸ் கண்டு, வளியின் தன்வெப்பக் கொள்ளளவுகளின் விகிதமான 1.4 இன் வர்க்கமூலத்தால் பெருக்கியபோது அளவீட்டுடன் பொருந்தியது. நியூற்றனுக்கே இப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லி வைத்தால், பிள்ளைகளுக்குத் தங்கள் பிழைகளைச் சொல்லச் சற்றுத் துணிவு வருகிறது.

விடியற்காலையில் எதிர்மலைத் தோட்டத்துப் பேச்சுக்கூடக் கேட்கிறது. நண்பகலில் கோயில் ஒலிபெருக்கிகூடக் கேட்பதில்லை. மூடுபனிதான் ஒலியைக் கொண்டுவருகிறதா?

மூடுபனி கொண்டுவருவதில்லை, அதே சூழ்நிலையில் அதுவும் தோன்றுகிறது, அவ்வளவுதான். தெளிந்த இரவில் நிலம் குளிர்ந்து, குளிர்ந்த கனமான வளி பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி, மேலே சற்று வெப்பமான வளி இருக்கும். ஒலி குளிர்ந்த படையில் மெதுவாகவும் மேற்படையில் விரைவாகவும் செல்வதால், அலைமுகத்தின் மேற்பகுதி முந்திக்கொள்ள, அது நிலத்தை நோக்கி வளைகிறது. இது ஒலியின் முறிவு. மேலே தப்பிப் போயிருக்க வேண்டிய சக்தி கீழே இருக்கும் காதுகளுக்குத் திரும்புகிறது. நண்பகலில் நிலம் சூடாகி நிலைமை தலைகீழாவதால் ஒலி மேல்நோக்கி வளைந்து, நிலத்தோரம் ஒலி சேராத ஒரு ‘நிழல்’ உருவாகிறது. காற்றும் வேலையாட்களின் சந்தடியும் விடியலில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எதிரொலியைக் கொண்டு மலையின் தூரத்தை அளக்கலாமா? இடி ஏன் உருண்டுகொண்டே போகிறது?

அளக்கலாம். கூப்பிட்ட குரல் 2 செக்கனில் திரும்பினால் ஒலி போய்வந்த தூரம் 680 மீற்றர். மலைமுகம் 340 மீற்றரில் இருக்கிறது. இரண்டால் வகுக்க மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. 17 மீற்றருக்கும் அருகிலுள்ள சுவரிலிருந்து எதிரொலி வந்தாலும், அது பத்திலொரு செக்கனுக்குள் வந்துவிடுவதால் காது அதைத் தனியாகப் பிரித்தறிவதில்லை.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை வரும்போது, மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான செக்கன்களை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். மின்னற் பாதை பல கிலோமீற்றர் நீளமானது. அதன் எல்லாப் பகுதியும் ஏககாலத்தில் வெடித்தாலும், கிட்டிய முனையின் ஓசை முதலிலும் தொலைவிலுள்ள முனையின் ஓசை பல செக்கன் கழித்தும் வருவதால் ஒரே வெடிப்பு நீண்ட உருளலாகிறது. இங்கே சுற்றிலும் மலைகள். அவை அனுப்பும் எதிரொலிகள் அதை மேலும் நீட்டுகின்றன. 9 செக்கனுக்குக் குறைந்தால் மின்னல் 3 கிலோமீற்றருக்குள் என்று பொருள். அதற்கு முன்பே கொழுந்து மலையை விட்டிறங்கிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) பாட்டுப் போட்டால் ‘டும் டும்’ மட்டும் ஏன் கேட்கிறது?

பழைய லயங்கள் பலவற்றில் காம்பராக்களுக்கு இடைப்பட்ட சுவர் கூரைவரை எழுப்பப்படவில்லை. மேலே இடைவெளி இருக்கிறது. 100 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர், 3400 ஹேட்ஸ் ஒலியினுடையது 10 சென்ரிமீற்றர். அலைநீளத்துடன் ஒப்பிடத்தக்க அல்லது அதைவிடச் சிறிய இடைவெளியில் அலை நன்றாக வளைந்து பரவும், இது கோணல். ஆகவே தாழ்ந்த ஒலி சுவர்மேல் ஏறி இறங்கிப் படுக்கைவரை வருகிறது. உயர்ந்த ஒலி ஏறக்குறைய நேர்கோட்டில் கூரைத் தகரத்துக்குப் போய்விடுகிறது. முழுச் சுவராக இருந்தாலும் தாழ்ந்த மீடிறனில் சுவரே வலிந்து அதிர்ந்து ஒலியைக் கடத்தும். பாடலின் சொற்கள் உயர் மீடிறன்களில் தங்கியிருப்பதால், அயலாருக்குக் கிடைப்பது பாட்டில்லாத தாளம் மட்டுமே. இதற்குப் பௌதிகவியலில் தீர்வு பாரமான சுவர். நடைமுறையில் தீர்வு ஒலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதுதான்.

தொழிற்சாலையில் இயந்திரம் ஓடும்போது சும்மா இருக்கும் ஜன்னல், கரண்ட் போனதும் ஏன் கடகடவென்று ஆடுகிறது?

இது பரிவு. ஒவ்வொரு பொருளுக்கும் தட்டிவிட்டால் தானாக அதிரும் இயற்கை மீடிறன் உண்டு. வெளியிலிருந்து வரும் தள்ளல் அதே மீடிறனில் அமைந்தால், ஒவ்வொரு தள்ளலும் முந்தியதுடன் சேர்ந்து வீச்சம் பெருகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் மட்டும் தள்ளும் அக்கா செய்வதும் இதுவே.

நிமிடத்துக்கு 1440 சுற்றில் ஓடும் மோட்டர் செக்கனுக்கு 24 தடவை கட்டடத்தை அசைக்கிறது. ஜன்னற் சட்டத்தின் இயற்கை மீடிறன் 15 ஹேட்ஸ் எனில், 24 இல் அது பெரிதாக ஆடாது. மின்சாரம் நின்றதும் மோட்டர் 24 இலிருந்து சுழியம்வரை இறங்கும் வழியில் 15 ஐக் கடக்கிறது. அந்த ஓரிரு செக்கன்களில் ஜன்னல் கடகடக்கிறது. இயந்திரத்தின் அடியில் இறப்பர் வைப்பது அதிர்வு கட்டடத்துக்குச் செல்வதைக் குறைத்து, சக்தியை வெப்பமாக்கித் தணிப்பதற்காக.

கொழுந்து வாட்டும் மாடியில் அருகருகே ஓடும் இரண்டு விசிறிகள் 120, 121 ஹேட்ஸ் என்று சிறிதே வேறுபட்ட சுருதியில் ரீங்கரித்தால், செக்கனுக்கு ஒரு தடவை ஓசை எழுந்து அடங்கும். அவை அடிப்புகள், எண்ணிக்கை இரு மீடிறன்களின் வித்தியாசத்துக்குச் சமம்.

தொங்குபாலத்தில் கூட்டமாக நடக்கக் கூடாது என்பதும் பரிவினாலா?

பாரத்தினாலும் பரிவினாலும். பேராதனைத் தாவரவியற் பூங்காவில் மகாவலியைக் கடக்கும் தொங்குபாலத்தில் ஏறியவர்களுக்கு அது காலடிக்கேற்ப அசைவது தெரியும். மனித நடையின் மீடிறன் செக்கனுக்கு ஏறக்குறைய 2 அடிகள்; இலேசான தொங்குபாலங்களின் இயற்கை மீடிறனும் அதன் அயலில் இருப்பதே சிக்கல். நாங்கள் பாடசாலைக்குப் போன வழியில் ஆற்றைக் கடக்கும் சிறு பாலமொன்றில் ஐந்தாறு பேர் சேர்ந்து கால் ஒத்துக் குதித்ததில், பலகையொன்று கழன்று புத்தகப்பையுடன் நீரில் போனது. பெரியவர்களும் இதில் தப்பவில்லை: 2000 ஜூனில் இலண்டனில் திறக்கப்பட்ட மிலேனியம் நடைபாலம் பக்கவாட்டில் ஆடியதால் இரண்டு நாட்களில் மூடப்பட்டு, தணிப்பான்கள் பொருத்திய பின் 2002 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 1940 இல் அமெரிக்காவின் டக்கோமா பாலம் இடிந்ததைப் பரிவுக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம், அது சரியன்று. சீராக வீசிய காற்றிலிருந்து பாலத்தின் முறுக்கமே சக்தியை எடுத்து வளர்ந்த, தானே தன்னைத் தூண்டிக்கொண்ட அதிர்வு அது.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின்மீது புகையிரதமே போகிறது, அது ஏன் ஆடுவதில்லை என்று உடனே கேட்பார்கள். 1921 இல் உருக்கில்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டப்பட்ட, 91 மீற்றர் நீளமான அந்தப் பாலம் மிகவும் விறைப்பானது. விறைப்புக் கூடினால் இயற்கை மீடிறனும் கூடும். கற்கட்டின் மூட்டுகள் அதிர்வை விரைவில் தணித்தும் விடுகின்றன.

நீர்வீழ்ச்சியின் இரைச்சல் நீர் பாறையில் மோதுவதால் வருவதா?

அதில் ஒரு பங்கு மட்டுமே. 97 மீற்றரிலிருந்து விழும் டெவோன் நீர்வீழ்ச்சி தன்னுடன் வளியை இழுத்துச் சென்று கோடிக்கணக்கான குமிழிகளாக்குகிறது. குமிழிக்குள் இருக்கும் வளி வில் போலவும், சுற்றியுள்ள நீர் அதில் தொங்கும் திணிவு போலவும் செயற்பட்டு, ஒவ்வொரு குமிழியும் பிறந்த கணத்தில் சுருங்கி விரிந்து ஒலிக்கிறது. அந்த மீடிறனை 1933 இல் மின்னார்ட் கணித்தார்: கடல் மட்ட அமுக்கத்தில் 1 மில்லிமீற்றர் ஆரையுள்ள குமிழி சுமார் 3300 ஹேட்ஸிலும், 1 சென்ரிமீற்றர் ஆரையுள்ளது சுமார் 330 ஹேட்ஸிலும் ஒலிக்கும். எல்லா அளவுக் குமிழிகளும் கலந்திருப்பதால் எல்லா மீடிறன்களும் கலந்த இரைச்சல் கேட்கிறது. குடத்தில் நீர் நிரப்பும்போது கேட்கும் ‘களக் களக்’ ஓசையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

புகையிரத ஊதலின் சுருதி மாறுவதாகப் பாடநூல் சொல்கிறது. எங்களுக்குக் கேட்பதே இல்லையே?

உங்கள் காதில் குறையில்லை, புகையிரதம்தான் மெதுவானது. தொப்ளர் விளைவின்படி, மூலம் நெருங்கும்போது அலைகள் நெருக்கப்பட்டு மீடிறன் கூடியும், விலகும்போது குறைந்தும் கேட்கும். மலைப்பாதையில் மணிக்கு 30 கிலோமீற்றரில், அதாவது செக்கனுக்கு 8.3 மீற்றரில் வரும் புகையிரதத்துக்கு நெருங்கும் சுருதிக்கும் விலகும் சுருதிக்கும் இடையிலான வேறுபாடு 5 வீதம்தான்; இது அரைச் சுரத்துக்கும் குறைவு. மணிக்கு 80 கிலோமீற்றரில் போகும் சமவெளிப் புகையிரதத்துக்கு அது 14 வீதமாகி, ஒரு முழுச் சுரத்தையும் சற்றுத் தாண்டுவதால் எவருக்கும் தெரியும். தொப்ளர் 1842 இல் முன்வைத்த இந்தக் கருத்தை, 1845 இல் நெதர்லாந்தில் பைஸ் பலோட் என்பவர் புகையிரதத்தில் இசைக்கலைஞர்களை ஊதச்செய்து பரிசோதித்தார்.

நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும் என்று எழுதுவது தவறு. சீரான வேகத்தில் நேராக வரும்போது சுருதி மாறாமல் உயர்ந்தே இருக்கும், ஏறுவது உரப்பு மட்டுமே. கடக்கும் வேளையில்தான் சுருதி விழுகிறது.

தண்டவாளத்தில் காது வைத்தால் தூரத்துப் புகையிரதம் கேட்குமா?

கேட்கும், ஆனால் செய்யாதீர்கள். வளைவுகளும் சுரங்கங்களும் நிறைந்த பாதையில் பின்னால் வருவது தெரியாது. உருக்கில் ஒலி செக்கனுக்குச் சுமார் 5000 மீற்றர் செல்வதால் ஒரு கிலோமீற்றருக்கு 0.2 செக்கன் போதும். வளியில் ஏறக்குறைய 3 செக்கன் வேண்டும். இதற்குப் பதிலாக, மலைச்சரிவில் இறங்கும் பழைய இரும்பு நீர்க்குழாயின் 100 மீற்றர் தொலைவில் நண்பரைத் தட்டச் செய்து, குழாயில் ஒரு காதை வையுங்கள். ஒரே தட்டு இரண்டாகக் கேட்கும்: முதலாவது இரும்பின் வழியாக, இரண்டாவது கால் செக்கனுக்குச் சற்று அதிகமான தாமதத்துடன் வளியின் வழியாக. பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்ட தோட்டங்களில் இந்தப் பரிசோதனை சரிவராது.

நில அதிர்வும் இதே அலைகள்தானா?

ஆம், ஊடகம் பாறை என்பதே வேறுபாடு. 2020 இல் கண்டி மாவட்டத்தின் திகன, ஹாரகம பகுதிகளில் சிறு அதிர்வுகள் உணரப்பட்டபின் இந்தக் கேள்வி அதிகமாகியது. பாறையினூடாக முதலில் வருவது நெட்டாங்கலை. செக்கனுக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர். பின்னால் வருவது குறுக்கலை, ஏறத்தாழ 3.5 கிலோமீற்றர். உருவத்தை மாற்றும் விசைக்குத் திண்மம் மட்டுமே எதிர்த்து நிற்கும் என்பதால் குறுக்கலை திரவத்தினூடே செல்வதில்லை. புவியின் வெளிக்கருவம் திரவம் என்று அறிந்தது இதைக் கொண்டுதான்.

இரண்டுக்கும் இடையிலான நேர வித்தியாசம் தூரத்தைத் தருகிறது. இடிக்குச் செய்த கணக்கேதான். அங்கே மின்னல் முந்தியது, இங்கே நெட்டாங்கலை முந்துகிறது. மேற்சொன்ன வேகங்களில் ஒவ்வொரு செக்கன் வித்தியாசமும் சுமார் 8 கிலோமீற்றர். பல்லேகலையில் உலக நில அதிர்வு வலையமைப்பைச் சேர்ந்த நிலையமொன்று இயங்குகிறது. அதன் பதிவில் இரு அலைகளுக்கும் இடையே 3 செக்கன் தெரிந்தால், அதிர்வு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் பிறந்தது. எந்தத் திசையில் என்பதை ஒரு நிலையத்தின் தூரம் மட்டும் சொல்லாது. மூன்று நிலையங்களைச் சுற்றி மூன்று வட்டங்களை வரைந்து, அவை வெட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும்.